முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும்

வகுப்பின் பின்வரிசையில் ஒருத்தி தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தால், பாடம் நடத்துகிறவளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். எனக்குத் தெரியாதா? நானும் பல காலம் கரும்பலகைப் பக்கம் நின்றவள்தான். ஆனால் பின்வரிசையில் உட்காருகிறவளுக்கும் பயம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நான் பிறவித் தொடைநடுங்கி. நாளைக்கு இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்து நினைத்தே பாதிப் பாடத்தைத் தவறவிடுவேன். அதை மறைக்கத்தான் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. அதைப் பார்த்து அவர்கள் இன்னும் நடுங்குவார்கள்.

என் பெயர் ருஸ்மிரா. போஸ்னியாவில், துஸ்லா நகரத்தில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஜெர்மன் பள்ளியில் வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், மீதிப் பாதி எங்களிடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நர்சுகள், வெல்டர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். நான் போர்க் காலத்தில் அகதியாகப் போய் அங்கே அந்த மொழியைக் கற்றவள். திரும்பி வந்து அதையே விற்றுச் சாப்பிடுகிறேன். முழங்கால் வலி வந்ததும் முதலாளி ஸியாத் என்னைப் பின்வரிசைக்கு மாற்றினான். மற்ற ஆசிரியைகளின் பாடத்தைப் பார்த்து, குறை நிறை சொல்லித் திருத்துவது என் பொறுப்பு.

இதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பாடம் நடக்கும்போது பார்க்க வந்தவள் சுவர் மாதிரி இருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, மாணவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடக் கூடாது. முடிந்ததும் காபி. முதலில் ஆசிரியையே பேச வேண்டும். எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்பது அவள் வாயாலேயே வர வேண்டும். பிறகு நாம் இரண்டு நல்லதைச் சொல்லி, ஒரே ஒரு குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ய ஒரு வழியும் சொல்ல வேண்டும். குறையை முதலில் சொன்னால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் ஏறாது.

ஜனவரியில் ஒரு நாள், ஊரே கரிப்புகையில் மூழ்கிக் கிடந்தபோது, ஸியாத் என் அறைக்கு வந்தான்.

“அக்கா, செனியா வகுப்பைப் போய்ப் பாருங்க. ஒரே கூச்சல். கீழ ரொட்டிக் கடைக்காரன் கேக்குறான், ‘மாடியில மதரஸா எப்ப ஆரம்பிச்சீங்க’ன்னு. எல்லாரையும் சேர்ந்து கத்த விடுறா. இந்தக் காலத்துல யாரு இப்படிச் சொல்லிக்கொடுக்குறா?”

“சரி, நாளைக்கு வர்றேன்னு அவகிட்ட சொல்லிடுறேன்.”

“சொல்லாம போங்க. சொல்லிட்டுப் போனா எல்லாரும் நல்ல பிள்ளை ஆயிடுவாங்க.”

சொல்லாமல் போவது எங்கள் தொழிலில் நாகரிகமில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கிறவனிடம் நாகரிகம் பேச எனக்கு எப்போது தைரியம் இருந்தது? போனேன்.

நான் கதவைத் திறந்ததும் செனியாவின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. முப்பது வயதுப் பெண், கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. இருந்தாலும் என்னைக் கண்டு சாக்பீஸைத் தவறவிடாதவர்கள் குறைவு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு கூடை இருந்தது. அவள் வகுப்பில் எல்லாரும் கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். நானும் போட்டேன். நல்ல வழக்கம் என்று தாளில் எழுதினேன். ஒரு நல்லது கிடைத்தது, இன்னொன்று வேண்டும்.

ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டு முடித்து நேராக வந்த நர்சுகள், கொட்டாவியும் மருந்து வாசனையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண் என்று ஒருவன்தான், ஜன்னலோரம். பெயர் ஷெம்ஸோ, லாரியில் நிலக்கரி கொண்டுபோய் வீடு வீடாக விற்பவன். பக்கத்தில் அவன் மனைவி மெவ்லிதா. அந்த இருவரையும் பள்ளியில் தெரியாதவர் இல்லை. அவளுடைய கைப்பையை அவன்தான் தூக்கிக்கொண்டு மாடியேறுவான். அவள் கழிவறைக்குப் போனால் வாசலில் நிற்பான். பெருநாளுக்கு ஒரு தட்டு பக்லவா இனிப்பு கொண்டுவந்து ஆசிரியர் அறையில் வைப்பான். “புருஷன்னா இப்படி இருக்கணும்” என்று வரவேற்பில் இருக்கும் பெண் பெருமூச்சு விடுவாள். நானும் பக்லவாவைத் தின்றுவிட்டு ஆமாம் என்றிருக்கிறேன்.

ஜெர்மன் அவனுக்கு ஏறவில்லை. மனைவியைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று கூடச் சேர்ந்தவன். அவள் ஒவ்வொரு படியாகத் தேறி மேலே வந்தாள். அவன் தேறாமலேயே பின்னால் வந்தான். கட்டணம் கட்டுகிறவனை ஸியாத் ஏன் நிறுத்தப் போகிறான்? தெரியாது என்று ஒத்துக்கொள்கிற ஆளும் இல்லை ஷெம்ஸோ. மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பான், தலையாட்டினால் தானும் ஆட்டுவான்.

அன்றைய பாடம், ‘இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன்’ என்கிற வகை வாக்கியங்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பெஸிமா என்கிற பருத்த நர்சு எழுந்தாள். அவள் இருந்தால் அந்த வார்டில் நோயாளிகள் சிரித்தே தையல் பிரித்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள்.

“எனக்கு லாட்டரி விழுந்தால், மாமியாருக்கு ஜெர்மனியில் வீடு வாங்குவேன். நான் இங்கேயே இருப்பேன்” என்றாள், புத்தக ஜெர்மனில். வகுப்பே சிரித்தது. ஷெம்ஸோவும் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தான்.

“நீங்கள், மெவ்லிதா?”

மெவ்லிதா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாஸ்போர்ட் என் கையில் இருந்தால், நான் போய்விடுவேன்” என்றாள்.

பிழையே இல்லாத வாக்கியம். ஆனால் செனியா அவசரமாகத் தலையை அசைத்தாள். “அந்தச் சொல் வேண்டாம். ‘நீலப் பொருள்’ என்று சொல்லுங்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. சரியான சொல்லைப் பிடுங்கிக்கொண்டு குழந்தைப் பேச்சைக் கையில் கொடுக்கிறாளே! இதுதான் அந்த ஒரு குறை என்று அழுத்தி எழுதிக் கோடிட்டேன்.

“நீலப் பொருள் என் கையில் இருந்தால், நான் போய்விடுவேன்.”

“நன்று. அது இப்போது எங்கே இருக்கிறது? முழு வாக்கியமாக.”

“அது அவருடைய வண்டியில், இருக்கைக்கு அடியில் இருக்கிறது.”

“எல்லாரும்!”

எல்லாரும் சொன்னார்கள். ஷெம்ஸோவும் சொன்னான்.

“வண்டி பூட்டியிருக்கிறதா?”

“இல்லை. அதன் கதவு பூட்டாது.”

“எல்லாரும்!”

“அதன் கதவு பூட்டாது!”

“நீங்கள் போவது அவருக்குத் தெரிந்தால்?”

மெவ்லிதாவின் விரல் மேசை விளிம்பில் முன்னும் பின்னுமாகப் போய்வந்தது. “அவருக்குத் தெரிந்தால், நான் இருக்க மாட்டேன் உயிரோடு.”

“வினைச்சொல் கடைசியில் வர வேண்டும். மறுபடி.”

“அவருக்குத் தெரிந்தால், நான் உயிரோடு இருக்க மாட்டேன்.”

“மிக நன்று. எல்லாரும்!”

“அவருக்குத் தெரிந்தால், நான் உயிரோடு இருக்க மாட்டேன்!”

எல்லாக் குரலையும் விட ஓங்கி ஒலித்தது ஷெம்ஸோவின் குரல்தான்.

என் பேனா நின்றுவிட்டது. எங்கள் தொழிலுக்கென்று ஒரு நோய் உண்டு. எதிரே நிற்பவள் ‘என் வீடு எரிகிறது’ என்று பிழையில்லாமல் சொன்னால் ‘மிக நன்று’ என்போம். பிழையாகச் சொன்னால் திருத்திவிட்டு ‘மிக நன்று’ என்போம். வீடு எரிவது காதில் விழாது. இந்தச் செனியாவுக்கு அந்த நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஒருத்தி கழுத்தில் கத்தி இருக்கிறது என்கிறாள், இவள் வினைச்சொல்லை நகர்த்திக்கொண்டிருக்கிறாள். எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அவன் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்?

யாரோ பார்ப்பது போல் தோன்றி நிமிர்ந்தேன். ஷெம்ஸோ திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தையல்ல, நின்றுபோன பேனாவை. நான் குனிந்து வாய்க்கு வந்ததைக் கிறுக்க ஆரம்பித்தேன். பாடம் முடியும் வரை நிமிரவே இல்லை.

மணியடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படித் திருப்பத்தில் அவன் என்னைப் பிடித்துவிட்டான். ஒரு தோளில் மனைவியின் கைப்பை. இரண்டு படி மேலே மெவ்லிதா, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், ஒரு நிமிஷம்.” குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “என் பொண்டாட்டி பேசும்போது எழுதுறதை நிறுத்திட்டீங்களே. அப்படி என்ன சொன்னா?”

“என்ன சொன்னா... எல்லாரும் சொன்னதுதான்.”

“எனக்கும் முக்கால்வாசி புரிஞ்சுது. ஆனா உங்க மூஞ்சி ஏன் அப்படி வெளுத்துச்சுன்னுதான் புரியல.”

மெவ்லிதா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் கையில் இருந்த உண்மையில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“உங்க மனைவி சரியாத்தான் சொன்னாங்க. டீச்சர்தான் தப்பான வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தா. நானும் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், இப்படி ஒரு தப்பு பண்ணி யாரையும் பார்த்ததில்ல. அதான் வெலவெலத்துப் போயிட்டேன்.”

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியாடி? டீச்சரம்மாவே தப்பு பண்றாளாம். என்னைத்தான் முட்டாள்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க எல்லாரும்.” என்னிடம் திரும்பினான். “எனக்கும் ஒரு நாள் மார்க் போடுங்க டீச்சர். நான் எப்படிப் பேசுறேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

“போடலாம், போடலாம்” என்றேன். அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியர் அறையில் செனியா காபி வைத்திருந்தாள். முறைப்படி அவளைத்தான் முதலில் பேசவிட வேண்டும். இரண்டு நல்லதைச் சொல்ல வேண்டும். முறை எல்லாம் படியோடு போய்விட்டது.

“ஏன்டி, உனக்குக் காது இருக்கா இல்லையா?” என்றேன். “அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு ஒரு வார்த்தையாவது உன் மண்டையில ஏறுச்சா? உயிரோட இருக்க மாட்டேங்கிறா, நீ வினைச்சொல்லைத் திருத்துற!”

செனியா எழுந்து கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு என் காதருகே வந்து உட்கார்ந்தாள்.

“மெதுவா பேசுங்கக்கா. எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுங்கிறது நம்ம பேச்சுலயும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதானே? அவனுக்குச் சட்டுனு புரிஞ்சிடும். அதனாலதான் மாத்தினேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குறை என்று கோடிட்ட தாள் கையிலேயே இருந்தது. அதை மடித்தேன்.

“வகுப்புல எல்லாருக்கும் தெரியுமா?”

“அவனைத் தவிர எல்லாருக்கும். இலையுதிர் காலத்துல அவளை ஆஸ்பத்திரி வேலையை விடவச்சுட்டான். வீட்டுல போன் இல்ல, வெளிய எங்கயும் தனியா விடுறதில்ல. அவ மனுஷங்களைப் பாக்குறது இங்க மட்டும்தான். நர்சு சர்ட்டிபிகேட்டை வச்சு ரெண்டு பேரும் ஜெர்மனி போகணும்னு அவனுக்கு ஆசை, அதனால இதை மட்டும் விட்டு வச்சிருக்கான். அங்க போயிட்டா அவளுக்கு நாம கூட இல்லக்கா. ஒரு நாள் ‘நேற்று என்ன செய்தீர்கள்’னு கேட்டேன். அவ சொன்னா. நான் வேற ஏதாவது முகம் காட்டியிருந்தா அவன் கண்டுபிடிச்சிருப்பான். அதனால திருத்தினேன். எல்லாரையும் சொல்ல வச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்சது.”

“போலீசு?”

“வேலையில இருந்தப்பவே போனா. அங்க இருக்கிறவன் இவன்கிட்ட கரி வாங்குறவனாம். ‘வந்து உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போப்பா’ன்னு இவனுக்கே போன் போட்டுட்டான். அதுக்கப்புறம் ஒரு மாசம் அவ வகுப்புல வாயே திறக்கல.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“வியாழக்கிழமை அவ போயிடணும்” என்றாள் செனியா. “பெஸிமாவோட தம்பி கார் கொண்டுவர்றான். எல்லையைத் தாண்டிட்டா ஆஸ்திரியாவுல, கிராட்ஸ்ல அவ தங்கச்சி இருக்கா. பாஸ்போர்ட் எங்கேன்னுதான் தெரியாம இருந்துச்சு, இன்னிக்கு அதுவும் தெரிஞ்சுடுச்சு. நீங்க திடீர்னு வந்து உக்காந்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. ஆனா நிறுத்த முடியல. இன்னிக்குக் கேக்கலன்னா வியாழக்கிழமை இல்ல.”

“அப்ப முடிஞ்சுதே.”

“முடியல. அவன் அவ பக்கத்துல இருந்து நகர மாட்டேங்கிறான். யாராவது அவனை வகுப்பை விட்டு வெளிய கூட்டிட்டுப் போகணும். ஒரு கால் மணி நேரம்.”

அவள் ஏன் என்னைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன்.

“உங்ககிட்ட அவனே மார்க் கேட்டானாமே. பெஸிமா படியில கேட்டுட்டு வந்து சொன்னா.”

“என்னால முடியாதுடி. என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவான். எனக்கு இப்பவே கை கால் உதறுது. வேற யாரையாவது பாரு.”

செனியா என்னைக் கெஞ்சவில்லை. குழாயை மூடிவிட்டு, நான் அவளிடம் எப்போதும் பேசுகிற அதே தொனியில் பேசினாள்.

“உங்களுக்கு நான் சொல்றேன். முதல்ல நல்லது. படியில அவன் கேட்டதும் சமாளிச்சீங்க. பழியை என் மேல போட்டு அவனைச் சந்தோஷமா அனுப்பி வச்சீங்க. எனக்கே அது தோணியிருக்காது. ரெண்டாவது, நீங்க நிதானமா பேசுவீங்க. கேக்குறவன் எழுந்து போக மாட்டான். குறை ஒண்ணுதான். மூஞ்சி. அதுக்கு வழி, அவனைப் பார்க்காம தாளைப் பார்த்துப் பேசுங்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சரி என்று நான் சொன்னதாக நினைவில்லை. ஆனால் முடியாது என்று மறுபடி சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் அறை ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்தது. அவன் லாரியை நிறுத்துவது அங்கேதான். அவன் உட்காரப்போகும் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டேன். எடுத்தேன், மறுபடி போட்டேன். கீழே ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற இரண்டு தடியன்களிடம், சத்தம் கேட்டால் மேலே வரச் சொல்லியிருப்பதாகச் செனியா சொன்னாள். ரொட்டிக் கடைக்காரன் மதரஸா என்று கேலி பேசியதையெல்லாம் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினேன்.

“ஷெம்ஸோ, வாங்க. மார்க் கேட்டீங்களே.”

அவன் எழுந்தான். மனைவியின் முழங்கையைப் பிடித்தான். “இவளும் வரட்டும் டீச்சர்.”

வகுப்பில் ஒரு பேனாகூட அசையவில்லை. நான் தாளைப் பார்த்தேன்.

“வரட்டும். ஆனா குறையும் சொல்லுவேன். மனைவி முன்னாடி வேண்டாமேன்னு பார்த்தேன். உங்க இஷ்டம்.”

அவன் பிடித்த முழங்கையை விட்டான். நாற்காலியில் மாட்டியிருந்த அவள் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தான்.

என் அறையில் அவன் உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து, கதவைப் பார்க்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தான். இப்போது ஜன்னல் அவனுக்குப் பக்கவாட்டில் இருந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் லாரி தெரியும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டான். நகக்கண்ணெல்லாம் கரி.

“முதல்ல நீங்களே சொல்லுங்க” என்றேன் தாளிடம். “உங்களுக்கு எது நல்லா வருது?”

நான் எதிர்பாராததைச் சொன்னான்.

“ஒண்ணும் வரல டீச்சர். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. உள்ள உக்காந்திருக்கும்போது, எல்லாரும் என்னைப் பத்தியே பேசுற மாதிரி இருக்கு.”

“மொழி தெரியாத இடத்துல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “நான் அகதியா போனப்ப எனக்கும் அப்படித்தான்.”

ஜன்னலுக்கு வெளியே பெஸிமா முற்றத்தில் வந்துகொண்டிருந்தாள். பனியில் வழுக்காமல் வாத்து மாதிரி நடந்தாள். லாரிக் கதவைத் திறந்தாள். கதவு கிறீச்சிட்டது மாடி வரை கேட்டது. ஷெம்ஸோவின் தலை அசைந்தது.

“உங்க குரல்!” என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக. “நல்ல குரல். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது உங்க குரல்தான் தாங்கிப் பிடிக்குது. இது முதல் நல்லது.”

தலை என் பக்கம் திரும்பியது. “நெசமாவா?”

“நெசமா. ரெண்டாவது, நீங்க ஒரு நாள்கூட வகுப்புக்கு வராம இருந்ததில்ல. மழை, பனி, எதுக்கும் நின்னதில்ல. எங்க பள்ளியில அப்படி இன்னொருத்தர் இல்ல.”

இரண்டும் உண்மை. அதனால்தான் சொல்ல முடிந்தது. அவன் கண் கலங்கிவிட்டது. கரிக் கையால் துடைத்துக்கொண்டான், கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

“எந்த வாத்தியாரும் என்கிட்ட நல்லதா ஒண்ணும் சொன்னதில்ல டீச்சர். எங்கப்பன் செருப்பால அடிப்பான். வாத்தியாரு குச்சியால அடிப்பான். நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொன்னதில்ல.”

எனக்கு இரக்கம் வந்தது. வந்ததே என்று என் மேலேயே கோபமும் வந்தது. மடியில் இருந்த பையின் வாரை அவன் இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்த கையைப் பார்த்து அந்த இரக்கத்தை அடக்கினேன். வெளியே பெஸிமா லாரிக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். வெளியே வரவே காணோம். அங்கே இல்லையோ? எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டானோ?

அவன் திடீரென்று எழுந்தான்.

“இதை அவ கேக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க டீச்சர். இருங்க, கூப்பிடுறேன்.”

கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டான். அதே நேரத்தில் பெஸிமா நிமிர்ந்து, கோட்டுக்குள் கையை விட்டபடி ரொட்டிக் கடைப் பக்கம் ஓடினாள். மெவ்லிதா இன்னும் முற்றத்துக்கு வரவில்லை. படியில் இருப்பாள். இவன் கதவைத் திறந்தால் நேருக்கு நேர்.

“உக்காருங்க!” என்றேன். “இன்னும் குறை சொல்லல.”

நின்றான்.

“நல்லதை மட்டும் கேட்டுட்டு எழுந்து போறது எங்க வழக்கம் இல்ல. குறையையும் கேட்டாத்தான் மார்க்கு.”

திரும்பி வந்து உட்கார்ந்தான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. நான் ஏதாவது ஒரு குறை சொல்ல வேண்டும். உச்சரிப்பு, புத்தகம் படிக்காதது, எதையாவது. இரண்டு நாளாக யோசித்து வைத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முற்றத்தில், பெஸிமா கழற்றிக் கொடுத்த பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு ஒல்லியான ஒருத்தி ஓடினாள். அவளைப் பார்த்துக்கொண்டே, செனியா சொன்ன வழியையும் மறந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

“நீங்க திருப்பித்தான் சொல்றீங்க ஷெம்ஸோ. என்ன சொல்றாங்கன்னு கேக்குறதில்ல. பக்கத்துல உக்காந்திருக்கிறவ இத்தனை மாசமா பேசிக்கிட்டிருக்கா. அவ சொன்னதையே உரக்கக் கத்தியிருக்கீங்க. என்ன சொன்னான்னு ஒரு நாளும் காதுல வாங்கல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. தொடைநடுங்கிக்கு வாய் மட்டும் எங்கிருந்து வந்ததோ. அவன் முகத்தில் இருந்த பையன் மெல்ல மெல்ல மறைந்தான். உதடுகள் அசைந்தன. எதையோ மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறான் என்று புரிந்தது.

“என்ன சொன்னா?” என்றான் மெதுவாக.

ரொட்டிக் கடைப் பக்கம் ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தெருமுனையில் திரும்பி, எல்லைக்குப் போகும் சாலைப் பக்கம் தேய்ந்து போகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. கைப்பையோடு தாழ்வாரத்தில் நடந்தான், ஓடவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ரொட்டிக் கடைத் தடியன்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அவன் வகுப்புக் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றான். உள்ளே பெண்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர நாற்காலிகள் இரண்டும் காலி.

“எங்கடி அவ?” என்று கத்தினான்.

செனியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அடுத்து அவள் வாயில் வந்தது பயத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா, இன்னும் கொஞ்சம் நேரம் வாங்கத்தானா, இன்றுவரை அவளுக்கே தெரியாது. அவள் ஜெர்மனில் சொன்னாள்:

“முழு வாக்கியமாகக் கேளுங்கள்.”

அவன் அவளைப் பார்த்தான். உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். பிறகு அந்த நல்ல குரலில், வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டான்:

“என் மனைவி எங்கே இருக்கிறாள்?”

அந்த வகுப்பில் அவன் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. யாரும் திருப்பிச் சொல்லவில்லை.